பையை நான் பார்த்துக்கொள்கிறேன்

மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழையிலை போட்டு மூடி வைத்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வாடாது, ஐயா. சும்மாச் சும்மா தண்ணீர் தெளிக்கிறவர்களுக்கு மத்தியானத்திலேயே அழுகிப்போகும். தினமும் காலையில் பூக்கடைச் சத்திரத்தில் நானே நின்று பூ வாங்கி, கடைக்குக் கொண்டுவந்து அப்படித்தான் வைப்பேன். இன்றைக்கும் வாங்கினேன். நீங்கள் அனுப்பிய கான்ஸ்டபிள் வந்து கூப்பிட்டபோது கூடையைப் பிரிக்கக்கூட இல்லை. அந்தப் பூ என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

பெயர் கங்கையம்மாள். பஞ்சாட்சரம் முதலாளியின் பட்டுக்கடையில், வாசலண்டை நாற்காலி போட்டுத் தாம்பூலத் தட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவள்தான் நான். உங்கள் வீட்டம்மாவுக்குக்கூட என் கையால் பூ வைத்திருப்பேன். புடவை எடுத்துக்கொண்டு போகிற பெண்களுக்கு நெற்றியில் குங்குமம் இட்டு, வெற்றிலை பாக்கு மஞ்சள் கொடுத்து வழியனுப்புவது என் வேலை. மெட்ராஸிலிருந்து அம்பாசடரில் வருகிறவர்கள், எவ்வளவு மரியாதை தெரிந்த கடை என்று சொல்லிக்கொண்டு போவார்கள். மரியாதை இருக்கட்டும். முதலாளி அந்த நாற்காலியைப் போட்டது திருட்டைத் தடுக்க.

கல்யாண மாதத்தில் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஒரு முகூர்த்தப் புடவைக்கு வண்டி நிறைய ஆட்கள் வந்து மெத்தையில் உட்காருவார்கள். பிரித்துப் போட்ட புடவை முழங்கால் உயரம் கிடக்கும். அதில் ஒன்றை இழுத்துப் பாவாடைக்கும் வயிற்றுக்கும் நடுவே சொருகிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? விற்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் அம்மா என்று எவன் வாய் திறந்து சொல்லுவான்? சொன்னால் அன்றோடு கடைக்குப் பெயர் போயிற்று. அதற்காக முதலாளி கண்டுபிடித்த வழிதான் தாம்பூலம். தாம்பூலத்தை எந்தப் பெண்ணும் ஒற்றைக் கையால் வாங்க மாட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துத்தான் வாங்குவாள். விரித்தால் இடுப்பு தெரியும். எதையாவது சொருகிக்கொண்டவள் மட்டும் ஒரு கையை வயிற்றை விட்டு எடுக்க மாட்டாள். அவ்வளவுதான் சங்கதி.

அப்படி ஒருத்தி மாட்டினால் நான் கத்த மாட்டேன். "உள்ள வாம்மா, கண்ணாடி பாத்துப் பூ வெச்சிக்கினு போவலாம்" என்று திரைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போவேன். புடவை தானாக வெளியே வரும். காலில் விழுந்து அழுவார்கள். முகத்தைத் துடைத்துவிட்டு, குங்குமமும் இட்டுத்தான் அனுப்புவேன். கூட வந்த மாமியாருக்குக்கூடத் தெரியாது. இந்த விஷயத்தில் என்னை ஒருத்தர் நாக்கு மேல் பல் போட்டுப் பேசியதில்லை.

தாலி இழந்தவர்கள் எங்கள் வாசலில் தாங்களாகவே சுவரோரம் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அவர்களை நான் பார்ப்பதில்லை. ஒருநாள் முதலாளி, "அவங்க எதனா சொருகிக்கினு போனா என்னாம்மா பண்றது?" என்று கேட்டார்.

"பட்டை எடுத்து அவங்க என்னா பண்ணப் போறாங்க முதலாளி?" என்றேன்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்போது பட்டது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் இந்திராணி. நான் பின்கட்டில் புடவைக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டில் அவள் புருஷன் வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். காரியமெல்லாம் அங்கேயே முடித்துவிட்டு வந்து, பொட்டும் பூவுமாக மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சின்னச் சின்னதாகப் பிள்ளைகள். மனசு தாங்காமல் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். "யார் கிட்டயும் சொல்லிடாதேக்கா" என்றாள். நான் அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கல்யாணப் பெண்கள் நெற்றியில் இடுகிற விஷயம், அதில் ஒளிவு மறைவு கூடாது என்று எனக்குத் தோன்றியது. முதலாளி தங்கமான மனுஷர், அவளைத் துரத்தவில்லை. பெட்டி ஒட்டுகிற இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியை எனக்குக் கொடுத்தார். இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரே கடையில் இருந்துகொண்டு அப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது நன்றாகவா இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் வீரபத்திரன். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குப் போனவர், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். புருஷன் விட்டுப்போனவளை யார் மதிக்கிறார்கள்? விசேஷ வீட்டில் பாத்திரம் கழுவக் கூப்பிடுவார்கள், பந்தலுக்குள் கூப்பிட மாட்டார்கள். நாற்காலிக்கு வந்தபிறகு எல்லாம் மாறிப்போயிற்று. பட்டுக்கடையில் குங்குமம் கொடுக்கிற அம்மா என்று தெருவில் எனக்கொரு பெயர். வளைகாப்பென்றால் முதல் வளையல் நான் அடுக்க வேண்டும் என்பார்கள். அவர் எங்கே, யாரோடு இருந்தால் எனக்கென்ன? உயிரோடு இருந்தால் போதும். என் நெற்றிக்கு அது போதுமாயிருந்தது.

இந்தத் தையில் மணியம்மாள் வந்தாள். வாலாஜாபாத்து விவசாயக் குடும்பம். மகள் அலமுவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க, பிள்ளை வீட்டாரும் சேர்ந்து வந்திருந்தார்கள். எல்லாரும் உள்ளே போனபிறகு இவள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ கங்கா யக்கா தானே? அன்னிக்கு எங்க தெருவுல வெயில்ல நின்னுக்கினு இருந்தியே. நான்தான் தண்ணி குடுத்தேன்."

எனக்கும் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு ஒருமுறை போனேன். அவரோடு இருந்த பொம்பளை கதவைத் திறக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி வந்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரவைத்தாள். அவள்தான் இவள்.

மணியம்மாள் குனிந்து என் காதோடு சொன்னாள். "உன் வூட்டுக்காரரு போன ஆடியிலயே செத்துப் பூட்டாருக்கா. மஞ்சக் காமாலை. அந்தப் பொம்பள அவங்க ஊருக்கு ஓடிப் பூட்டா. நாங்கதான் எடுத்துப் போட்டோம். நீ இங்க ஏதோ பொடவைக் கடையில இருக்கேன்னு அவரு சொல்லிக்கினு இருப்பாரு. எப்படியும் வரோமே, விசாரிச்சுக் குடுக்கலாம்னு இத எடுத்துக்கினு வந்தேன்."

மஞ்சள் பையைத் திறந்து ஒரு பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அவருடையதுதான். மூடியில் இருந்த நசுங்கல்கூட அப்படியே இருந்தது. அழுகை வந்தது. ஆனால் வாசலில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படி அழ முடியும்?

அவள் கண் என் நெற்றிக்குப் போயிற்று. அங்கிருந்து குங்குமத் தட்டுக்கு வந்தது. பிறகு உள்ளே உட்கார்ந்திருந்த மகளிடம் போய் நின்றது. "நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. உன் பொழப்பு இது. நீ பாட்டுக்கு இரு" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். இவள் சொல்ல மாட்டாள் என்று நம்ப எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்திராணியும் என்னை நம்பினாளே. நானும் நல்லவள்தானே. நான் போய்ச் சொன்னேனே.

"பையை எங்கிட்ட வெச்சிட்டுப் போ மணி. கூட்டத்துல எவளாச்சும் கை வெச்சிடுவா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். உடனே கொடுத்துவிட்டுப் போனாள்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கண்ணாடி ஷோகேஸ். சாவி என் இடுப்பில். அரக்கு நிறத்தில் மாங்காய்க் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்து, அவள் பையில் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து, மேலே அவளுடைய துண்டைப் போட்டு மூடினேன். யாரும் பார்க்கவில்லை. திருட்டு நடக்கிறதா என்று பார்க்கிற ஆள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான்.

உங்களுக்கு இது விளங்க வேண்டும், ஐயா. அவளை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசை இல்லை. அவள் பேச்சு எடுபடக் கூடாது, அவ்வளவுதான். திருடி என்று பெயர் வாங்கியவள் நாளைக்கு என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று போய்விடும். அதற்கு நாலு பேர் பார்க்க வேண்டியிருந்தது. திரைக்குப் பின்னால் செய்கிற காரியமில்லை.

புடவை எடுத்து முடித்து வெளியே வந்தார்கள். முதலில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குங்குமம் இட்டேன். பிறகு அலமு. நல்ல பெண். வெட்கப்பட்டுக்கொண்டே முந்தானையை விரித்தாள். "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. அடுத்து மணியம்மாள். அவளுக்கு மட்டும்தான் என்னைப் பற்றித் தெரியும். தெரிந்தும் மகளைத் தடுக்கவில்லை. தெரிந்தும் தன் முந்தானையை இரண்டு கையாலும் நன்றாக விரித்து, என் முன்னால் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இட்டேன். இட்டுவிட்டுப் பையைத் தூக்கினேன். "என்னாம்மா, பை இவ்ளோ கனமா இருக்குது?" என்றேன். அந்தக் கடையில் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். பையைக் கவிழ்த்தேன். துண்டும் சாதமும் விழுந்தன, அவற்றின்மேல் பட்டும் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "சம்பந்தம் பண்ண வந்த எடத்துல இதையும் பாத்தாச்சு. வேணாம்பா, கெளம்பி வாங்க எல்லாரும்" என்றாள். எடுத்த முகூர்த்தப் புடவையைத் திரும்ப மெத்தைமேல் போட்டுவிட்டுப் போனார்கள். அலமு அவர்கள் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மணியம்மாள், "நான் எடுக்கலைங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். புருஷன் செத்தவள் குங்குமம் இடுகிறாள், அது தனக்குத் தெரிந்ததால் இப்படிச் செய்கிறாள் என்று இப்போது கத்துவாள், கத்தட்டும் என்று பதிலைக்கூட வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே கிடந்த துண்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள்.

அது எனக்குப் பிடிக்கவே இல்லை, ஐயா. அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் வாயைத் திறந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்கும்.

போலீசுக்குப் போக வேண்டாம், பாவம் என்று முதலாளிதான் விட்டுவிட்டார். என்னை எல்லார் முன்னாலும் மெச்சிப் பேசினார். பின்கட்டிலிருந்து இந்திராணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் மறுநாளும் போய் உட்கார்ந்தேன். இப்போது மாசி வந்துவிட்டது. ஆடியிலிருந்து தை வரைக்கும் இட்டதெல்லாம் அறியாமல் இட்டது, அதில் குற்றமில்லை. தைக்குப் பிறகு அறிந்துதான் இடுகிறேன். இதுவரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் ஒரு குறையும் வந்ததாகத் தகவல் இல்லை. சுண்ணாம்பும் அவருடைய கரண்டகத்தில்தான் தட்டில் வைத்திருக்கிறேன்.

வெளியே பெஞ்சில் அலமு உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். இளைத்துப்போய்விட்டாள். பை என்னிடம் இருந்ததையும், அந்தப் புடவை ஷோகேஸ் புடவை என்பதையும் அவளே விசாரித்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரிதான். அம்மா தெருக்குழாய்க்கும் போவதில்லையாம், சோறும் சரியாகத் தின்பதில்லையாம். நின்ற கல்யாணம் நிற்கட்டும், "எங்கம்மா திருடலன்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்று கேட்கிறாளாம். கங்கையம்மாள் ஏன் இதைச் செய்தாள் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் மணியம்மாள் பெற்ற மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீங்கள் அதைச் சொன்னபிறகுதான் எனக்கு உட்கார முடியாமல் போயிற்று.

எழுதிக்கொள்ளுங்கள். புடவையை வைத்தது நான். மணியம்மாள் அந்த ஷோகேஸ் பக்கமே போகவில்லை. அலமுவைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள், ஊரில் நாலு பேர் கேட்கவும் படிக்கச் சொல்லுங்கள். தண்டனை எதுவானாலும் சரி. ஏன் செய்தாள் என்ற இடத்தில் பொறாமை என்று போடுங்கள், பேராசை என்று போடுங்கள், எது எழுதினாலும் கைநாட்டு வைக்கிறேன். மற்றது உங்கள் காதோடு இருக்கட்டும். மணியம்மாள் வைத்துக்கொண்டாளே, உங்களால் முடியாதா?

கணவர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். வீரபத்திரன், வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை, அவ்வளவு போதும். சீக்கிரம் முடியுங்கள், ஐயா. நாளைக்கு முகூர்த்தம், சாயங்காலம் கடைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அங்கே குங்குமம் இட என்னை விட்டால் வேறு சுமங்கலி இல்லை.