விற்கப் போன டிராகன்

"ஏட்டி, குங்குமம் வெச்ச டிராகனை எவன் வாங்குவான்?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் கேட்டார். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை, காதில் விழுந்தது. அவர் கையில் டிராகன் படம் போட்ட பழைய விளையாட்டுக் கார்டு. வெளியே மலைமேல் மேகம் படுத்துக் கிடந்தது.

"ஆயுத பூசைக்கு உங்க பொருள் அம்புட்டுக்கும் வெச்சேன். இதுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?"

"பள்ளிக்கூடத்துல படிக்கையில இருந்து கறைபடாம வெச்சிருந்தேன். நெட்டுல பார்த்து நல்ல வெலைக்குக் கேட்டவரு பஸ் ஸ்டாண்டுல காத்திருக்காரு."

"இப்ப உள்ளபடி போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். செத்த நேரத்தில் பதில் வந்தது.

"என்ன சொல்லுதாவ?"

"வேண்டாமாம்."

"பொறவு ஏன் சிரிக்கிய?"

அவர் கார்டைச் சட்டைப்பையில் வைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்தார்.