சாக்ஸுக்குள்ள எத்தனை பல்லு

பதினாறும்மா. பதினாறு பல்லு. நான் போட்டிருக்கிறது அதுதான். ஏன் அப்படிப் பாக்குற? நம்பிக்கை இல்லையா? கேட்ட, சொன்னேன்.

சாக்ஸா? அது சும்மா. சைக்கிள் பின்சக்கரத்துப் பல்லுல சேறு படாம இருக்கட்டும்னு மாட்டி வச்சேன். ரேஸே சேத்துலதானேங்கிறியா? கெட்டிக்காரிதான். சரி, ஒளிச்சுதான் வச்சிருக்கேன். இங்க எல்லாருந்தான் ஒளிக்கிறாங்க. கியர் வண்டிக்காரன் மேட்டுக்கு ஒண்ணு, பள்ளத்துக்கு ஒண்ணுன்னு மாத்திக்குவான். நமக்கு ஒத்தைக் கியர். காலையில எந்தப் பல்ல மாட்டினோமோ, முக்கா மணி நேரமும் அதோடதான் மாரடிக்கணும். அதப் போயி எவனாவது அடுத்தவன்கிட்ட சொல்லுவானா?

அதான் எனக்கு இடிக்குது. முன்னபின்ன பாக்காத பொண்ணு, இத்தனை பேர விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து, கையில ரெண்டு பல்சக்கரத்த வச்சுக்கிட்டு எத மாட்டட்டும்னு கேக்குற. யார் அனுப்பிச்சா உன்ன? உருளைக்கிழங்கு வறுவல் வண்டிகிட்ட ஒருத்தன் வாயெல்லாம் மயோனைஸோட இங்கயே பாத்துக்கிட்டிருக்கானே, அவனா? இல்லையா? சரி, இல்ல.

தப்பா நெனைக்காத. என் பேரு வன்னெஸ், பந்தயப் புறா வளக்கறவன். எங்க ஃபிளாண்டர்ஸ்ல புறாக்காரன், பெத்த தாய் மணி சொன்னாக்கூட கடிகாரத்த ஒரு தடவை பாத்துக்குவான்.

பதினாறு இந்தக் களிமண்ணுல கால இழுக்காதான்னா? இழுக்கும். பல்லு கொறஞ்சா வேகம், கூடினா லேசு. ராத்திரி பூரா மழை வேற. உன் கால், உன் இஷ்டம்.

ஜோரிஸ்னு ஒருத்தன் இருந்தான், இதே ரேஸ்ல. தெரியுமா? என்ன தலையாட்டுற, தெரியுங்கிறியா, தெரியாதுங்கிறியா? சரி, கேளு. பதினோரு வருஷம் நானும் அவனும் ஒரே வேன்லதான் வருவோம். அவன் பல்லுக்கும் நான்தான் சாக்ஸ் குடுத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எத்தனைடான்னு கேப்பேன். பதினெட்டும்பான், இருபதும்பான், பட்டுனு சொல்லிருவான். அவ்வளவு பட்டுனு சொல்றவன் பொய்தானே சொல்லுவான்? அதனால நான் ரெண்டு கூட்டியோ கொறச்சோ மாட்டுவேன். தோத்துப்போவேன்.

எண்ணிப் பாத்திருக்கலாமேங்கிறியா? ச்சே, கூட்டாளி வண்டியப் போயி எண்ணுவாங்களா? அசிங்கம்மா. சந்தேகப்படலாம். எண்ணக்கூடாது.

அந்தா ஒரு மேடு தெரியுதுல்ல. அங்க எல்லாரும் எறங்கி, வண்டியத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவோம். அவன் மட்டும் உக்காந்தபடியே மிதிச்சு ஏறிருவான். ஏறுறதுக்கு முன்னாடி பெடல அரைச்சுத்து பின்னால மிதிப்பான். ஒவ்வொரு தடவையும். பின்னால மிதிச்சா கியர் மாறுற சக்கரக்குடம் ஒண்ணு இருக்கு, ஹப்புன்னுவாங்க, ரெண்டு கியரும் உள்ளயே இருக்கும், வெளிய தெரியாது, ஒத்தைக் கியர் ரேஸுல அது திருட்டு. சந்தேகம் வருமா வராதா? நீயே சொல்லு.

ரெண்டு வருஷம் முன்னாடி, நம்பர் குடுக்கிற மேசையில பேர் போடாத சீட்டு ஒண்ணு கெடந்துச்சு. ஜோரிஸ் ஹப்பப் பிரிச்சுப் பாருங்கன்னு. ஜெயிச்சுட்டு, பரிசாக் குடுத்த ஹாம, முழுப் பன்னித்தொடைய, தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான் மனுசன். பீர் பந்தல்ல ஊரே பாக்க, வண்டியக் கவுத்துப்போட்டுப் பிரிச்சாங்க. கிரீஸும் பேரிங் குண்டும். வேற ஒண்ணுமில்ல. நடுவர் பல்ல வேற சத்தமா எண்ணினாரு. பதினெட்டு. காலையில என்கிட்ட சொன்ன அதே பதினெட்டு.

பெடல் சமாச்சாரமா? இடது முட்டி கெட்டுக்கெடந்துச்சாம். வலது கால் மேல வர்ற மாதிரி வச்சுக்கிட்டாத்தான் ஏற முடியுமாம். அவ்வளவுதான் சங்கதி. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

ஹாம அங்கயே வச்சுட்டு வந்துட்டான். திரும்பி வர்றப்ப வேன்ல, யாரா இருக்கும், யாரா இருக்கும்னு கேட்டுக்கிட்டே வந்தான். குஸ்டா இருக்குமோன்னு பேச்சு வந்துச்சு. குஸ்ட் அவன் சம்சாரத்தோட அண்ணன், பீர் பந்தல் போடுறவன். அன்னிலேருந்து ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்ல. ஜோரிஸும் சைக்கிளத் தொடல. போன வசந்தத்துல மகன் கல்யாணம், தாய்மாமனக் கூப்பிடவே இல்ல. என்னைக் கூப்பிட்டான். புறாவுக்குச் சீக்குன்னு சொல்லிட்டு நான் போகல.

ஏன் கண்ணத் தொடைக்கிற? காத்தா? சரி, காத்துதான்.

இங்க பாரும்மா, எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். பச்சை பிரேமு, முன்சக்கரத்தத் தாங்குற ஃபோர்க்கு மட்டும் வேற பச்சை. அந்தப் பெயிண்ட்டு என் புறாக்கூண்டுக்கு வாங்கினதுல மிச்சம். நீ வந்து நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. ஜோரிஸ் வண்டி. நீ அந்தக் கல்யாணப் பொண்ணு, அவன் மருமக. என்ன சொல்லி அனுப்பிச்சான் உன் மாமனார்? வன்னெஸ்கிட்ட பல்லு கேளு, எப்படிப் பொய் சொல்றான்னு பாருன்னானா?

என்னது? இன்னொரு தடவை சொல்லு.

வன்னெஸ் இந்த வயல உழுதவன், மண்ணு அவனுக்குத் தெரியும், அவன் எத்தனை சொல்றானோ அதயே மாட்டிக்கன்னானா? சிரிச்சுக்கிட்டே சொன்னானா?

சிரிக்காமயா.

அட, அதுக்குள்ள பதினாற மாட்டிட்டியே. கழட்டு. கழட்டும்மா, முதல் சுத்துலயே கால் செத்துரும். இந்தா, சாக்ஸ எடுத்துட்டேன். எண்ணு. கூச்சப்படாத, எண்ணு. இருபது, சரியா? உன் கையில இருக்கிற இன்னொண்ணும் இருபதுதான், அத மாட்டு.

அப்புறம், வீட்டுக்குப் போனா மாமனார்கிட்ட சொல்லு, குஸ்ட் எதையும் எழுதலன்னு. பாவம், அவன் அன்னிக்குப் பூரா பீப்பா உருட்டிக்கிட்டிருந்தான். அந்தச் சீட்டு என் புறா நோட்டுல கிழிச்ச தாளு. குஸ்ட் பேரு வேன்ல என் வாயிலதான் வந்துச்சு.

விசில் அடிச்சிருவான், நேரமாச்சு. ஸ்பேனர இப்படிக் குடு, நீ செயின இழுத்துப் புடி, நட்ட நான் முடுக்கித் தர்றேன்.

வேணாமா?

சரி. நீயே முடுக்கு.