ஆஃபியா நிமிர்ந்த படம்

பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் சேர்வா அக்கா கடையில் ஃபுஃபு தீர்ந்திருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் ஏமாந்து திரும்பக் கூடாது பாருங்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஆட்டுக்கறிச் சூப்பின் வாசனைக்கு இந்தக் குமாசி ஊரில் செத்தவன்கூடச் சவப்பெட்டியை உள்ளேயிருந்து தட்டுவான். நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். இன்றைக்குச் சொல்லப்போவதில் மட்டும் கூட்டல் இல்லை.

நாற்பது வருடம் புவியியல் டீச்சராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, ஆறு பெஞ்சு போட்ட அந்தத் தகரக் கொட்டகையை ஊரறியச் செய்வதே என் பொழுதாயிற்று. சாப்பிட வருகிறவர்களிடம், "ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்ல போடுங்க, கறி ஒரு துண்டு கூட வைக்கச் சொல்றேன்" என்பேன். போட்டார்கள். ஆனால் ஆயிரம் படத்திலும் அதே கிண்ணம், அதே சூப்பு. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு முகம் வேண்டியிருந்தது.

ஃபுஃபுவுக்கு வெந்த மரவள்ளியும் வாழைக்காயும் இடிக்கும்போது ஒருவன் உலக்கை போடுவான்; உரலடியில் உட்கார்ந்தவள் இடிக்கு இடி கைவிட்டுப் புரட்டுவாள். புரட்டுகிறவள் தலை நிமிர மாட்டாள். நிமிர்ந்தால் விரல் போகும். எங்கள் கடையில் புரட்டியவள் அக்கோசுவா. சின்ன வயதிலேயே இடது மோதிர விரலின் நுனியை உரலுக்குக் கொடுத்தவள். குனிந்தே இருக்கும் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். சிம் கார்டுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவன் நான்தான்.

"நெசப் பேரு ஆஃபியா, டீச்சர். இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா எம் புருஷன் வந்துடுவான். வந்தா உயிரோட விடமாட்டான்."

"என் வாய் கல்லறைம்மா."

"உங்க வாயா?" என்று சிரித்தாள். "சந்தைக்கே ஒலிபெருக்கி அதுதானே."

ஒரு சனிக்கிழமை, போனைத் தூக்கிப் பிடித்திருந்த நர்ஸ் பெண் ஒருத்தி சலித்துக்கொண்டாள். "டீச்சர், அந்த அக்கா மூஞ்சியே காட்ட மாட்டேங்குது."

நான் மெதுவாக "ஆஃபியா" என்றேன். சொந்தப் பெயருக்குத் தலை தானாக நிமிரும். உலக்கை அவள் விரலுக்கு அரை அங்குலம் மேலே நின்றது. அந்தக் கண்களை அப்படி யாரும் பார்த்திருக்க முடியாது. அருமையான படம். இரண்டே நாளில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.

"அத அழிக்கச் சொல்லுங்க, டீச்சர்" என்று மட்டும் கேட்டாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் படத்தின் கீழே ஒருவன் கேட்டிருந்தான்: "இந்தக் கடை எங்க இருக்கு?" அவன் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் வைத்திருந்தது ஒரு கல்யாணப் படம். பெண்ணை வெட்டி எடுத்திருந்தான். அவன் தோளில் அவள் இடது கை மட்டும் மிச்சம். மோதிர விரலில் நுனி இல்லை.

அவன் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வழி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. சந்தையின் வடக்கு வாசல், மஞ்சள் தேவாலயம் தாண்டி இடப்பக்கம் மூன்றாவது கொட்டகை, பன்னிரண்டுக்குள் வாருங்கள் என்று எழுதினேன். "நாளைக்கே வர்றேன்" என்றான்.

பதினொன்றரைக்கு வந்தான். முதலில் உலக்கைச் சத்தம் நின்றது. அப்புறம் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது.

அவன் இன்னும் அகப்படவில்லை. நேற்று என் பழைய படம் ஒன்றுக்கு விருப்பக்குறி போட்டிருக்கிறான். என் வீட்டு வாசலில் நான் நிற்கும் படம். அதிலிருந்து நான் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. இப்போதும் பாருங்கள், சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்தே ஏன் வழி சொன்னாய் என்கிறீர்கள். வருகிறவன் அவள் காலில் விழுந்து அழுவான், மன்னிப்புக் கேட்பான் என்றுதான் மனதார நம்பினேன், ஐயா. நம்பியதால்தான் அன்று பதினோரு மணிக்கே எல்லா வாடிக்கையாளரையும் போனை உரல் பக்கம் திருப்பி வைத்திருக்கச் சொன்னேன்.