ஒலீட்டாவின் களைப்பு

காஞ்சொறிக் கீரையைப் பறிக்கக் கையுறை தேவையில்லை. தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தித் தடவிப் பிடித்தால் அது கடிக்காது. நீங்கள் வந்தபோது அதைத்தான் அலசிக்கொண்டிருந்தேன், லெஸ்டர். உட்காருங்கள். மூச்சு அடங்கட்டும். எங்கள் வீட்டு ஏற்றம் எல்லோரையும் ஒரு கை பார்த்துவிடும். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் ஜாடி என்னுடையதுதான். மூடிமேல் ஒட்டிய சீட்டில் இருக்கிற கையெழுத்தும் என்னுடையதுதான். போலீஸ்காரராக நீங்கள் கேட்டால் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். நடுவில் தொடங்கினால் என்னைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் களைப்பு. வேலை செய்து வருகிற களைப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து வருகிற களைப்பு. டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாதவளுக்கு ஏன் தலை வாரக் கை தூக்க முடியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நானே தேடிக்கொண்டேன். காஞ்சொறி, கருப்பு மொலாசஸ் பாகு, ஓட்ஸ் வைக்கோல் கஷாயம், வாரம் தவறாமல் மாட்டு ஈரல். காபி கிடையாது. சர்க்கரை கிடையாது. பிறந்தநாள் கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்த்திவிடுவேன். இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கு அசதி என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். சுரங்கத்தில் இரவு வேலை பார்க்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், உங்கள் அம்மா. எல்லோரையும் தேற்றி அனுப்பினேன். நான் மட்டும் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மேடு ஏறும்போது தபால்பெட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சிறு பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போவார்கள்.

ஒலீட்டாவும் தாண்டிப் போவாள்.

அவளை உங்களுக்குத் தெரியும். இந்த மலையில் அவளைத் தெரியாதவர் யார்? எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே சபை. காலையில் எழுந்ததும் பாட்டில் கோலா குடிப்பாள். முந்தின நாள் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே வேலைக்குப் போவாள். பன்றிக்கொழுப்பில் பொரிக்காத எதையும் அவள் உணவு என்று ஒப்புக்கொண்டதில்லை. மேடு ஏறும்போது பேசிக்கொண்டே ஏறுவாள். சில நாள் பாடிக்கொண்டே ஏறுவாள். ஏப்ரலில் சபை நிலவறையில் காட்டுப்பூண்டு விருந்து நடக்குமே, அதற்குச் செங்குத்தான சரிவில் பூண்டு தோண்டி, இரண்டு தோளிலும் சாக்கு போட்டு இறங்கி வந்து, அன்றைக்கே அடுப்படியில் நின்று ஊருக்கெல்லாம் உருளைக்கிழங்கு பொரிப்பாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பூண்டின் வேரைக் கிள்ளிக்கொண்டிருப்பேன். அதற்கே எனக்கு மறுநாள் படுக்கை.

"ஏய் வெர்னா, அந்தப் புல்லுத்தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ஒருநாள் நீ மாடாத்தான் மாறப்போறே. வென்டல், கயிறு ஒண்ணு எடுத்து வையி" என்பாள். வென்டல் அவள் புருஷன். அவன் சிரிப்பான். நிலவறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவளுடைய வீடு, புருஷன், குரல் எதன்மேலும் எனக்கு ஆசை வந்ததில்லை. அந்தக் கால்கள்மேல்தான். ஒன்றுமே செய்யாமல், ஒன்றையுமே விடாமல், அது அவளுக்குக் கிடைத்திருந்தது. நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தேடியதை அவள் கோலாவோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் குளிர்காலக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. ஒரு மத்தியானம் வென்டல் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார வைத்தான். அவள் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"வெர்னா, இப்பிடித்தான் இருக்குமா ஒனக்கு? எல்லா நாளுமா? எப்பிடி இதோட இத்தன வருஷம் ஓட்டினே?" என்றாள்.

லெஸ்டர், என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் கேட்கவில்லை. என் அம்மாவே கேட்கவில்லை, சோம்பேறி என்றுதான் சொன்னாள். நான் ஒலீட்டாவின் தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கு அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்போது அவளுக்கு நேர்மையாகத்தான் வைத்தியம் பார்த்தேன். எலும்பு ரசம், ஈரல், காஞ்சொறி. கசப்புத் தெரியாமலிருக்கக் கொஞ்சம் அதிமதுரம். தினமும் நானே போய் ஊட்டினேன். விருந்துக்குள் எழுந்துவிட்டாள். எழுந்ததும் வழக்கம்போலச் சாக்கை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனாள். விருந்து முடிந்து சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாள். கர்த்தருக்கு நன்றி சொன்னாள். வென்டலுக்குச் சொன்னாள். நல்ல வெயில் அடித்ததற்குச் சொன்னாள். போதகரின் மனைவி கீழிருந்து, "சிஸ்டர் வெர்னாவோட கஷாயத்த விட்டுட்டியே" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"அட, அந்தப் புல்லுத்தண்ணியா? அதையும் குடிச்சிட்டு உசுரோட இருக்கேனே, அதுதாம்மா பெரிய சாட்சி" என்றாள் ஒலீட்டா.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். திரும்பிப் போகும்போது நான் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். ஓடிக்கொண்டே திரும்பிக் கையசைத்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவளிடம் கெட்ட எண்ணம் என்றைக்குமே இருந்ததில்லை.

இலையுதிர் காலத்தில் அவளே வந்தாள். போன குளிர்காலம்போல் படுத்துவிடக்கூடாது, குளிருக்கு முன்னால் ஏதாவது கொடு என்று கேட்டாள். இந்த ஜாடியைக் கொடுத்தேன்.

இதில் பெரும்பாலும் அதிமதுரம்தான். அவளுக்கு இனிப்பு பிடிக்கும் என்பதால் சந்தோஷமாகக் குடித்தாள். நல்ல வேர் அது, தொண்டைக்கும் வயிற்றுக்கும் உகந்தது. அளவாக, கொஞ்ச நாள் எடுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நான் அதைக் கொடுத்தது நினைவிருக்கும். கணுக்கால் வீங்கியது, கால் பின்னியது. "இனிமே ஒரு சொட்டுக்கூட வேண்டாம்" என்று நானே வந்து ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அப்புறம் உருளைக்கிழங்கும் பீன்ஸும் நிறைய கொடுக்கச் சொன்னேன். நீங்கள்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தீர்கள். அதனால் எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்ல முடியாது. தெரியும்.

ஒலீட்டாவுக்குச் சாப்பாட்டு முறையும் நான்தான் சொன்னேன். உருளைக்கிழங்கு வேண்டாம், பீன்ஸ் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், கீரை வேண்டாம், இதெல்லாம் குளிர் காலத்தில் உடம்புக்குச் சுமை என்றேன். வெள்ளை ரொட்டியும் வெண்ணெயும் போதும் என்றேன். அந்த வேர் உடம்பிலிருந்து எதை இறைத்துக் கொட்டுகிறதோ, அதைத் திரும்ப நிரப்புகிற சாப்பாட்டையெல்லாம் பார்த்துப் பார்த்து விலக்கினேன். வைத்தியம் தெரிந்தவளுக்குத்தான் அது முடியும். அந்த அளவில் என் வேலையில் குறை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு அவள் பாடும்போது நடுவில் உட்கார்ந்தாள். அப்புறம் மேடு ஏறும்போது பேச்சு நின்றது. அப்புறம் ஒருநாள் என் பக்கத்தில் வந்து, தபால்பெட்டிக் கம்பத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் மூச்சு வாங்கினோம். அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். அந்தக் காலை நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. நிறுத்தியிருந்தால் அவள் மறுபடியும் ஓடியிருப்பாள்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வசந்த கால மருந்து ஆளை முதலில் கீழே தள்ளும், அப்புறம்தான் தூக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கெட்டுப்போன ரத்தம் இளகி, குளிர்காலம் உடம்பிலிருந்து இறங்குகிறதாம். எவ்வளவுக்கு எவ்வளவு விழுகிறோமோ அவ்வளவு நல்ல மருந்து. பிப்ரவரி முடிவில் ஒலீட்டாவால் கெட்டிலைத் தூக்க முடியவில்லை. போதகரின் மனைவி வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"நல்லா இறங்குது சிஸ்டர். பாரு, முகமெல்லாம் ஊதியிருக்கு. எங்க மாமியாருக்கும் இப்பிடித்தான். நிறுத்தாம குடு."

நிறுத்தாமல் கொடுத்தேன். ஊரே கொடுக்கச் சொன்னது.

வென்டலுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "வெர்னா, கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிரட்டா? அவ நெஞ்சு என்னமோ படபடன்னு அடிச்சுக்குதாம்" என்று வாசலில் நின்று கேட்டான்.

"ஒம் பொண்டாட்டி. ஒன் இஷ்டம். ரத்தம் எடுப்பாங்க, ஒண்ணுமில்லம்பாங்க. எனக்குச் சொன்னதத்தான் அவளுக்கும் சொல்லுவாங்க" என்றேன்.

அவன் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றான். "அவளும் நீதான் வேணுங்கறா. சரி, விருந்து முடியட்டும். திங்கக்கிழமை போயிக்கிறோம்" என்றான்.

போன சனிக்கிழமை விருந்து. வென்டல் அவளை மேட்டில் தூக்கிக்கொண்டுதான் வந்தான். நான் அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டே கூட நடந்தேன். உள்ளே போன பிறகுதான் கவனித்தேன், தபால்பெட்டிக் கம்பத்தை நான் தொடவே இல்லை. அடுப்படியில் ஆள் இல்லை என்றார்கள். நானே ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். பேக்கன் கொழுப்பில் பூண்டையும் உருளைக்கிழங்கையும் போட்டுப் பொரித்துப் பொரித்து எடுத்தேன். மத்தியானம் முழுக்க நின்றேன். "வெர்னா, ஒனக்கு வயசு கொறஞ்சுக்கிட்டே போகுது" என்றார் போதகர். சாட்சி நேரத்தில் என் பெயரைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

நான் தட்டு எடுத்துக்கொண்டு ஒலீட்டாவிடம் போனேன். ரொட்டியும் வெண்ணெயும் வைத்திருந்தேன். அவளோ பக்கத்தில் இருந்தவரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு துண்டு, வெர்னா. உருளக்கிழங்கு. கனவுலகூட அதுதான் வருது. ஒடம்பு கேக்குது" என்றாள்.

உடம்பு கேட்கத்தான் செய்யும். உடம்புக்குத் தெரியும். அவள் கையை நீட்டி, முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தியும்விட்டாள். நான் அந்த முள்கரண்டியை அவள் விரல்களிலிருந்து எடுத்தேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்றேன்.

"நீ சொன்னாச் சரி" என்றாள். எந்தக் காலத்திலும் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் துண்டை அவள் முன்னாலேயே நான் சாப்பிட்டேன். நன்றாகப் பொரிந்திருந்தது.

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவளும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் அடியில் அவள் குரல் இருந்தது. இரண்டாவது அடியில் இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதை வென்டல் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். இதயம் அடிப்பதற்கு வேண்டிய பொட்டாசியம் என்கிற உப்பு ரத்தத்தில் துளிகூட மிச்சமில்லையாம். என் தோளில்தான் சாய்ந்து அழுதான். இன்னும் அவனுக்கு இந்த ஜாடியைப்பற்றி யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கஷாயத்தைத் தெரிந்துதான் கொடுத்தேன். அந்தச் சாப்பாட்டைத் தெரிந்துதான் நிறுத்தினேன். நெஞ்சு படபடக்கிறது என்று கேட்ட பிறகு இன்னும் கெட்டியாகக் காய்ச்சினேன். அவள் சாக வேண்டும் என்று நான் விரும்பியதில்லை. களைத்திருக்க வேண்டும், என் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளை என்னைப்போல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் இந்தப் பள்ளத்தாக்கில் யார் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அடுப்பை அணைத்துவிட்டேன், போகலாம். கை கொடுக்க வேண்டாம் லெஸ்டர், ஏற்றமோ இறக்கமோ இப்போதெல்லாம் எனக்குச் சிரமமே இல்லை. இன்றைக்குக் காலையில்கூடச் சபை மேட்டை ஒரே மூச்சில் ஏறினேன், பாட்டுக்கூட வந்தது. உங்கள் அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்: காஞ்சொறியை மட்டும் விட வேண்டாம், பலன் தெரிய இத்தனை வருடம் ஆனாலும் கடைசியில் அது கைவிடுவதில்லை.