அளவுச் சட்டை

குடும்பப் போட்டோவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தலாம் என்று சொன்னது நான்தான் மேடம். எதிர்வீட்டு அக்கா போன வருஷம் எடுத்த போட்டோவைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரியும். அவள் வீட்டுக்காரர் கட்டம் போட்டது, மாமியார் பூப்போட்டது, அவள் கிளிப்பச்சை. துணிக்கடை வாசல் மாதிரி கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். "நல்லா இருக்குக்கா" என்றேன். வேறென்ன சொல்வது.

எங்கள் தெருவில் பதினாறு வீடு. எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கொடியில் யாருடைய துணி மூன்று நாளாகக் காயவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். வம்பு என்பார்கள். இருக்கட்டும். வம்பு பேசிப் பழகியவளுக்குத்தான் அடுத்தவர் கண் முதலில் எங்கே போகும் என்று தெரியும். இந்த விஷயத்தில் அது ரொம்ப உதவியாக இருந்தது.

நாத்தனார் வெளியூர் போய் இரண்டு வருஷம். போனில் கூப்பிட்டாள். "அண்ணி, அம்மாவோட ஒரு நல்ல போட்டோகூட என்கிட்ட இல்ல. நாலு பேருமா ஸ்டுடியோவுக்குப் போலாமா?"

"தாராளமா வா. துணிமணி என் பொறுப்பு" என்றேன். வருகிற அன்று சாயங்காலமே அவளுக்குத் திரும்பும் வண்டி. நேரே ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லிவிட்டேன். மொத்தம் நாலு மணி நேரம். அதுவரை அத்தையின் சட்டைப் பொத்தான் கழலாமல் இருந்தால் போதும்.

அத்தை என்றால் என் மாமியார். அவர் கையில் ஒன்றிரண்டு இடம் பார்க்க நன்றாக இருக்காது. முதுகிலும். அதனால் கருநீலம், முழுக்கை, கழுத்து வரை பொத்தான். அவர் மட்டும் போட்டால் கண்ணை உறுத்தும். நாலு பேரும் போட்டால் அழகுக்குப் போட்டது என்று ஆகிவிடும்.

"இந்த வெயில்ல முழுக்கையா? எனக்கென்ன கல்யாணமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு. பேசாம போடுங்க."

சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். எதற்கும் சிரித்துவிட்டுப் போகிற மனுஷர். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம்தான்.

காரணம் கேட்டீர்கள். ஒரு நாள் காலையில் அத்தை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு இரண்டு துண்டு ரொட்டி கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். மத்தியானம் கடையில் அவள், மூன்று பேர் காதுபட, "உன் மாமியாருக்கு வீட்ல வயிறு நிறையல போலிருக்கே" என்றாள். ஊர்க்கதை என் வாயில் இருக்கலாம். என் வீட்டுக் கதை அவள் வாயில் இருக்கலாமா? வந்து அத்தையைக் கேட்டேன்.

"பசிச்சுதும்மா" என்றார்.

அப்போது நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டி கையிலேயே இருந்தது. அது முதல் தடவை.

பிறகு ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். தட்டில் போடுவதையும் குறைத்தேன். கொஞ்சத்துக்குப் பழகிவிட்டால் கேட்கத் தோன்றாது என்ற எண்ணத்தில். அவர் பழகவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முகத்தை மட்டும் நான் தொட்டதே இல்லை. தெருவுக்குத் தெரிவது முகம்தானே.

தவறு தையல் கடையில் நடந்தது. "பெரியம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இல்ல, நானே வந்து அளவெடுக்கிறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் தையல்காரர். அவர் நாடாவைக் கையைச் சுற்றி இழுத்துப் பிடிப்பார். அத்தை கத்திவிடுவார். அதனால் பெட்டியில் கிடந்த அத்தையின் பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்தேன். "இதே அளவுதாண்ணே. ஒரு நூல்கூட மாறல."

அந்தச் சட்டை தைத்து இரண்டு வருஷம். அத்தை இப்போது அதில் பாதி. தினம் பார்க்கிற எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள்.

ஸ்டுடியோவில் விளக்கைப் போட்டதும் போட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "சட்டைக்குள்ள பாட்டியைத் தேட வேண்டியிருக்கே. பின்னாடி ரெண்டு ஊக்கு குத்துங்க, சரியாயிடும்." நான் வீட்டுக்காரரின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "இரும்மா, நான் குத்தறேன்" என்று திரும்புவதற்குள் நாத்தனார் அத்தையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்விட்டாள்.

அப்புறம், "யாரும்மா? யாரு பண்ணினது?"

திரையை விலக்கினாள். அத்தை திரும்பி நின்றிருந்தார், சட்டை இடுப்பில் கிடந்தது. நாத்தனார் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அண்ணே, அம்மாவை மட்டும் எடுங்க. முதுகை" என்று போட்டோக்காரரிடம் சொன்னாள். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் சிரிக்கவில்லை.

உங்கள் மேசையில் இருப்பது அந்தப் படம்தான். கருநீலம் அதில் சரியாகவே விழவில்லை. முக்கோணங்களை நீங்கள் எண்ண வேண்டாம் மேடம். ஒன்பது. ஒன்பதும் நான் வைத்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

கூட இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரு பண்ணினது என்று மகள் கேட்டாள். மகன் பக்கத்திலேயே நின்றான். அத்தை இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பதில் சொல்லலாமா என்று என் முகத்தைத்தான் பார்த்தார். எதிர்வீட்டு அக்காவின் மாமியார் அவளை அப்படி மதித்து ஒரு நாளாவது பார்த்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.