மூன்று வயதுக்குப் பதினோரு நாள்

– மெதுவா பேசுங்க டீச்சர், பாப்பா முழிச்சிக்கப் போறா.

– முழிக்க மாட்டாம்மா. அதைச் சொல்லத்தான் வேலை நேரத்துல உங்களை வரச் சொன்னேன். இப்படி உக்காருங்க.

– சூப்பர்வைசர்கிட்ட அரை மணி நேரம்தான் பர்மிஷன் வாங்கியிருக்கேன். காய்ச்சலா? விழுந்துட்டாளா?

– அதெல்லாம் இல்ல. நேத்து மத்தியானம் பால்வாடியில எல்லாரும் தூங்கிட்டிருக்கும்போது ஆயா கை தவறி தட்டு அடுக்கு மொத்தமும் கீழ விழுந்துச்சு. மத்த இருபத்தஞ்சு குழந்தையும் வீல்னு கத்திக்கிட்டு எந்திரிச்சுது. உங்க பொண்ணு புரண்டுகூடப் படுக்கல.

– அவ அப்பா மாதிரி டீச்சர். இடி விழுந்தாலும் குறட்டை நிக்காது அவருக்கு.

– நானும் அப்படி நினைச்சு மனசைத் தேத்திக்கத்தான் பாத்தேன். இன்னைக்குக் காலையில முழிச்சிருக்கும்போதே அவ பின்னாடி நின்னு கிலுகிலுப்பையை ஆட்டினேன். கை தட்டினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்ல.

– வீட்ல கதவு தட்டினா திரும்பிப் பாக்குறாளே!

– கதவு தட்டினா தரை அதிருதும்மா.

– நான் கூப்பிட்டா ஓடி வர்றாளே!

– உங்க முகத்தைப் பாத்து வர்றா. நீங்க பேசும்போது கவனிச்சிருக்கீங்களா? கண்ணு உங்க உதட்டை விட்டு நகராது.

– ஐயோ, என் பாப்பா...

– அழாதீங்க. தண்ணி குடிங்க. இதுதான் கவர்மெண்ட்ல குடுத்திருக்கிற ஃபார்ம். கண்ணு, காது, பேச்சு, நடை. ஒவ்வொரு குழந்தைக்கும் நாங்க பாத்து எழுதி அனுப்பணும். இன்னைக்கே அனுப்பினா அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட்.

– வேண்டாம் டீச்சர். உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், எழுதாதீங்க. ஒரு ஆறு மாசம் பாப்போம். சில புள்ளைங்க லேட்டாத்தானே பேசுது?

– ஆறு மாசம் நம்ம கையில இல்லம்மா. பதினோரு நாள்தான் இருக்கு.

– என்ன பதினோரு நாள்?

– அவளுக்கு மூணு வயசு முடியறதுக்கு. அதுக்குள்ள பேர் பதிஞ்சாத்தான் இந்தத் திட்டத்துல காது மெஷினும் பேச்சுப் பயிற்சியும் உடனே கிடைக்கும். தாண்டிட்டா வேற ஆபீசுக்கு ஃபைல் போயிடும். அங்க ஒன்றரை வருஷம் காத்துக்கிட்டிருக்காங்க.

– ஒரு நாள் தாண்டினா காது மாறிடுமா? யாரு டீச்சர் இப்படிக் கோடு கிழிக்கிறது?

– நானும் மீட்டிங்ல எந்திரிச்சு இதையேதான் கேட்டேன். குறிச்சிக்கிறோம்னு சொன்னாங்க. எல்லாத்தையும் பாக்கச் சொன்னாங்க, ஆனா ஆள் குடுக்கல. இத்தனை குழந்தைக்கும் நானும் ஆயாவும்தான். தட்டு விழலேன்னா இன்னும் எத்தனை நாள் கவனிக்காம விட்டிருப்பேனோ!

– உங்களுக்குத் தெரியாது டீச்சர். ஒரு தடவை எழுதிட்டா அது ஒட்டிக்கும். நாளைக்கு எந்த ஸ்கூல்லயும் சேத்துக்க மாட்டாங்க. எங்க அத்தை, நம்ம வம்சத்துல இப்படிக் கிடையாது, உன் பக்கம்தான்னு என்னைக் குதறி எடுத்துடுவாங்க.

– ரெண்டு வருஷம் முன்னாடி, இந்த ஃபார்ம் வந்த புதுசுல, இங்க இவளை மாதிரியே காது கேக்காத ஒரு பையன் இருந்தான். அவன் அம்மாவும் என் கையைப் பிடிச்சிக்கிட்டு எழுதாதீங்கன்னு அழுதாங்க. எனக்கு மனசு கேக்கல. சரியா இருக்குன்னு டிக் போட்டு அனுப்பிட்டேன்.

– இப்போ அவன்...?

– அஞ்சு வயசு. ஸ்கூல்ல கடைசி பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. ரோட்ல என்னைப் பாத்தா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கிறான். வாயைத் திறக்குறான், காத்து மட்டும்தான் வருது. அவன் வர்ற பாதையை விட்டுட்டு இப்ப நான் சுத்திப் போறேன்மா.

– அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பயமா இருக்கு.

– எனக்கும் பயம்தான். ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லன்னு சொன்னா என்னை நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நீங்க கையெழுத்துப் போடாம நான் அனுப்ப முடியாது.

– அவர் கையெழுத்து வேணுமா?

– வேண்டாம். அப்பா, அம்மா யாராவது ஒருத்தர் போதும்.

– இந்தக் காகிதம் வீட்டுக்கு வருமா?

– ஒரு காப்பி தபால்ல வரும். மறைக்க வழியில்ல.

– அத்தைதான் பிரிப்பாங்க.

– பிரிக்கட்டும். நான் வேணா வந்து பேசுறேன்.

– ...பேனா குடுங்க.

– இங்க. தேதியும் போடுங்க. ஒரே ஒரு கட்டம் பாக்கியிருக்கு. குடும்பத்துல வேற யாருக்காவது காது கேக்காதான்னு கேட்டிருக்காங்க. இல்லன்னு போட்டுடவா?

– அம்மான்னு போடுங்க டீச்சர். பொறந்ததுலேர்ந்தே எனக்கு இடது காது கேக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல சொல்லாம விட்டுட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அவருக்கே தெரியாது.