பழைய தகட்டுக்குப் பக்கத்தில்

— எடுத்து விடு தங்கச்சி, போலீஸ்காரன் பிடரியைப் பிடிச்ச மாதிரி இருக்கு.

— எடுத்தாச்சு, எடுத்தாச்சு. ஒன்பது எண்ணுற வரைக்கும் தலை ஆடக் கூடாதுன்னுதான் அந்தக் கிளாம்ப். அதுக்கு இவ்வளவு புலம்பலா? வா, டார்க் ரூமுக்குள்ள வா. இது இரும்புத் தகட்டுல எடுக்கற படம், மருந்து காயறதுக்குள்ள கழுவணும். காஞ்சா படம் போச்சு, சொல்லிட்டேன்.

— நான் எதுக்கு? நீ பாட்டுக்குக் கழுவு. அந்த மருந்து வாடைக்கே எனக்குத் தலை சுத்துது.

— எட்டு மாசமா இந்த வீட்டுல இருக்கே, ஒரு தடவை உள்ள வந்திருக்கியா? அப்பா உன்னை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் இங்க வேலை பாப்பாராம். அம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாங்க.

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஒன்பது வயசுல காணாமப் போனவன்கிட்ட வந்து கேக்குறியே.

— எனக்கும்தான் என்ன ஞாபகம்? அப்ப நாலு வயசு. இந்தப் பழைய தகடு மட்டும் இல்லைன்னா எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னே நம்பியிருக்க மாட்டேன். அதான் இன்னிக்கு இதைச் சுவத்துலேர்ந்து கழட்டிட்டு வந்து, அதே நாற்காலி, கையும் அதே மாதிரி வச்சு எடுத்தேன். அம்மா ரூம்ல பழசுக்குப் பக்கத்துல ஆணிகூட அடிச்சாச்சு.

— அம்மா ஒண்ணும் கேக்கலையா?

— கேக்காம இருப்பாங்களா? காலண்டர் மாட்டன்னு சொல்லிட்டேன். தூங்கி எழுந்ததும் பாத்து அசந்து போகட்டும். மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்தான். இந்தா, இதைப் பாரு. இப்ப நீலமா, புகை மூட்டமா இருக்குல்ல? ரெண்டாவது தொட்டியில போடுறேன். கண்ணை எடுக்காம பாரு... மூக்கு வந்துடுச்சா? கண்ணு?

— அடேங்கப்பா! நான் என்ன இவ்வளவு கறுப்பா?

— வெல்டிங் நெருப்புல வெந்த மூஞ்சி வேற எப்படி இருக்கும்? இந்த மருந்து ஒண்ணையும் மறைக்காது. நல்லா விழுந்திருக்கு, தலை ஆடவே இல்ல. பழைய தகட்டை இப்படிக் கொடு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்.

— இந்தா. பையன் அழகாத்தான் இருக்கான்... என்ன?

— ஒண்ணுமில்ல.

— பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?

— அண்ணா, உன் கையைக் காட்டு.

— எந்தக் கை?

— சுண்டுவிரல் பாதி போன கை.

— இடது. இது ஒரு கேள்வியா? இதைப் பாத்துத்தானே அம்மா என்னை அடையாளம் கண்டாங்க.

— பழைய படத்துல பையனோட இடது கையில பாதி விரல் இல்ல.

— ஆமா.

— புதுப் படத்துல உன் வலது கையில இல்ல.

— தகட்டைத் திருப்பிப் பிடிச்சிருப்பே.

— இரும்புத் தகட்டை எப்படித் திருப்பிப் பிடிக்கிறது? பின்பக்கம் வெறும் கறுப்புதான். இதுக்கு நெகட்டிவ் கிடையாது அண்ணா. வெளிச்சம் நேரா தகட்டுலயே விழுது. முகம் பாக்கற கண்ணாடி மாதிரி, இடது வலதா விழும், வலது இடதா விழும். படம் எடுக்க வர்றவங்ககிட்ட தினமும் நானே சொல்றேன், சட்டைப் பாக்கெட் பக்கம் மாறித்தான் தெரியும், பதறாதீங்கன்னு.

— அப்பா வேற விதமா எடுத்திருக்கலாம். எனக்கென்ன தெரியும் இதெல்லாம்?

— அப்பா எடுத்ததும் இதே கேமராதான். இதோ, பையனோட சட்டைப் பாக்கெட்டைப் பாரு. வலது பக்கம் இருக்கு. எந்த டெய்லர் வலது பக்கம் பாக்கெட் வைப்பான்? இருபத்தஞ்சு வருஷமா சுவத்துல தொங்குது, நான் பாக்கெட்டை ஒரு நாளும் பாக்கலை. அப்போ எங்க அண்ணனுக்குக் கதவுல நசுங்கிப் போனது வலது கை விரல்.

— தங்கச்சி...

— பேசுங்க.

— என்ன திடீர்னு ‘ங்க’ போடுறே?

— வெளிய வந்து அந்த நாற்காலியில உக்காருங்க. முதல் படம் சொதப்பினா ஆகட்டும்னு ரெண்டாவது தகடு ஊறப் போட்டிருக்கேன். அதை வீணாக்கப் போறதில்ல.

— இப்பப் போய் எதுக்கு இன்னொரு படம்?

— தலையைக் கிளாம்ப்ல வைங்க. வாயைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. எனக்குப் பதில் வேணாம், உங்க மூஞ்சிதான் வேணும். லென்ஸ் மூடியை எடுத்துட்டேன். ஒண்ணு. கேட்டுக்கு வெல்டிங் வைக்க வந்த ஆளு நீங்க. அதுக்கு முன்னாடி இந்தத் தெருவைப் பாத்திருக்கீங்களா? ரெண்டு. எங்கம்மா கதை உங்களுக்கு யார் சொன்னது? மூணு. ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்துல பையன் கையை விட்டுட்டேனேன்னு தூக்கத்துல கூட அழுறவங்க அவங்க. நாலு. அவங்களைப் போய் ஏமாத்த எப்படி மனசு வந்துச்சு? அஞ்சு. போன மாசம் நான் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தப்ப என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்களே, ஆறு, அதுவும் நடிப்புதானா?

— இல்ல! அது நடிப்பில்ல!

— ஆடிட்டீங்க. தகடு போச்சு.

— போகட்டும். அது நடிப்பில்லம்மா. சத்தியமா இல்ல. மீதி எல்லாத்துக்கும் என்னைச் செருப்பால அடி, வாங்கிக்கறேன்.

— அப்போ மீதி எல்லாம் பொய். உங்க வாயாலயே வந்துடுச்சு.

— நான் வந்து கேக்கலை. சத்தியமா, நானா வந்து உங்க புள்ளைன்னு சொல்லலை. கேட்டுக்கு வெல்டிங் வச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா தண்ணி கொண்டு வந்தாங்க. சொம்பை வாங்கறப்ப என் கையைப் புடிச்சாங்க, விடலை. ‘வந்துட்டியாப்பா’ன்னாங்க. இல்லம்மா, இது பட்டறை பிரஸ் மெஷின்ல நசுங்கிப் போன விரல்னு சொன்னேன். காதுலயே வாங்கலை. மறுநாளும் சொன்னேன்.

— மூணாம் நாள்?

— மூணாம் நாள் தட்டுல சோத்தைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்துட்டாங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை.

— வாய் வரலையா, வயிறு விடலையா?

— ரெண்டும்தான். அநாதை ஆசிரமத்துல மணி அடிச்சா வரிசையில நின்னு தின்னு வளந்தவன் நான். மூஞ்சியைப் பாத்து ‘இன்னும் கொஞ்சம் போடவா’ன்னு அதுக்கு முன்னாடி எவளும் கேட்டதில்ல.

— இப்படிப் பேசி என்னை அழ வைக்கப் பாக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது. ஊர்ல எல்லார்கிட்டயும் எங்கண்ணன் வந்துட்டான், எங்கண்ணன் வந்துட்டான்னு தம்பட்டம் அடிச்சேன். அம்மாவோட சேத்து என்னையும் முட்டாளாக்கிட்டீங்க. அம்மாகிட்டச் சொல்லத்தான் போறேன்.

— சொல்லு. சொல்ல வேண்டியதுதான். நான் கிளம்பினப்புறம் சொல்லு. வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டேன்னு முதல்ல சொல்லிட்டு, மெதுவா...

— ஓடிடலாம்னு பாக்கறீங்களா?

— அவங்க இதயம் இருக்கற இருப்புக்கு, ரெண்டாவது தடவை புள்ளை போறதை நேர்ல பாக்க வேணாம். அதுக்குத்தான். அந்தப் படத்தை அழிச்சிடு. வார்னிஷ் போடற வரைக்கும் கட்டைவிரலால தேச்சாப் போயிடும்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். வார்னிஷ் போட்டா நூறு வருஷம் நிக்கும். பொய்யை இரும்புல ஏத்தி எங்க வீட்டுச் சுவத்துல மாட்ட நான் என்ன பைத்தியமா?

— அப்ப தேச்சிடு. ஒரே இழுப்பு.

— தேய்க்கிறேன்.

— தேச்சிடும்மா.

— அவசரப்படுத்தாதீங்க!

— உன்னால ஆகாது. கொடு, நான் தேய்க்கிறேன்.

— தொடாதீங்க! இது ஒண்ணுதான் இருக்கு. இதுக்கு நகல் எடுக்க முடியாது. தேச்சா... தேச்சா அவ்வளவுதான், திரும்ப வராது.

— என்னடி அது, வீடே இடிஞ்சு விழுற மாதிரி சத்தம்? அண்ணனும் தங்கச்சியும் நின்னு மல்லுக்கட்டுறீங்களா?

— அம்மா! நீ ஏன் எழுந்து வந்தே?

— நீங்க போடற கூச்சல்ல யாரு தூங்கறது? கையில என்ன, என் பெரியவன் படமா? கொடு இப்படி.

— அம்மா, நான் ஒரு வேலை விஷயமா வெளியூர் போகணும். இன்னிக்கே.

— போகலாம், போகலாம். முதல்ல உக்காரு கண்ணா. மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கிடக்கு?

— அம்மா, அந்தப் படத்தைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா உனக்குப் புரியுமான்னு தெரியல.

— உங்கப்பாவோட முப்பது வருஷம் குப்பை கொட்டினவ நான். தகட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? நல்லா விழுந்திருக்குடி. கண்ணு ரெண்டும் அப்படியே என்னைப் பாக்குது. முதல்ல வார்னிஷைப் போடு, யாராவது விரலை வச்சுத் தொலைக்கப் போறீங்க.

— அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— போடுன்னா போடு. அப்புறம், என் ரூம்ல நீ அடிச்ச ஆணியைப் பிடுங்கிட்டேன். இதை ஹால்ல மாட்டு. பழைய தகட்டுக்குப் பக்கத்துல மாட்டினா, விரல் போன கை மாறியிருக்கறது வர்றவங்க கண்ணுக்கெல்லாம் தெரிஞ்சுடும்.